சஸ்பென்ஸ் கணக்கு

1

வீட்டுக் கம்ப்யூட்டர் ஸ்தம்பித்து நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு நம் காலத்தில் ஒரே பதில்தான் வழக்கில் இருக்கிறது: ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. பழமொழிக்குரிய லட்சணங்கள் எல்லாமே இந்த வாக்கியத்துக்கு வந்துவிட்டன. முதலில் யார் சொன்னது என்று தெரியாது. சொல்பவர் விஷயம் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் பலிக்கிறது. பலிக்காதபோது சொன்னவர் மீது யாருக்கும் கோபம் வருவதுமில்லை.

அந்தப் பழமொழியை மறுப்பதற்காக நான் எழுத உட்காரவில்லை. அது பலிக்கிறது என்பதுதான் என் பிரச்னை. காரணம் தெரியாமலே குணமாகிவிடும் ஒரு நோயை நாம் எப்படி எடுத்துக்கொள்வது? குணமானதே போதும் என்று எழுந்து போய்விடுவது நியாயமா? வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் வைத்தியனுக்கு ஒரு வரிசையை விதித்திருக்கிறார். நோய் இன்னதென்று அறிவது முதல் படி. அது எதனால் வந்தது என்று அறிவது அடுத்த படி. பரிகாரம் அதற்குப் பின்னால்தான். ரீஸ்டார்ட் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. பரிகாரம் முன்னால் வந்து, போகிற போக்கில் மற்ற இரண்டு படிகளையும் அழித்துவிட்டுப் போகிறது. சிறு பத்திரிகைகளை நிறுத்தி, பெயர் மாற்றி, மறுபடி முதல் இதழிலிருந்து துவங்கிப் பழகிய நமக்கு இந்த வைத்தியம் அந்நியமானதல்ல.

காரணம் அறிந்த பின் கிடைக்கும் குணத்துக்கும் அறியாமல் கிடைக்கும் குணத்துக்கும், குணமான அந்தக் கணத்தில், வெளிப்பார்வைக்கு எந்த வித்தியாசமும் இல்லை. இருந்தும் ஒரு வித்தியாசம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. அதை மிஷினுக்குள் தேடிப் பயனில்லை. அதற்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன் அடுத்துச் சொல்லும் வாக்கியத்தில் அது இருக்கிறது. இதை நிறுவ முடிகிறதா என்று பார்க்கிறேன்.

2

ஸ்தம்பனம் என்ற சொல்லை மாந்திரிகத்தின் எட்டுக் கர்மங்களில் ஒன்றாக நாம் அறிவோம். ஆளுக்கு உயிர் இருக்கும், அசைவிருக்காது. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அவன் உயிரோடிருக்கிறானா என்பதே சந்தேகமாகிவிடும். கம்ப்யூட்டர் 'ஹேங்' ஆவதும் இப்படித்தான்.

விண்டோஸில் ஓடும் ஒரு புரோகிராம், தன் ஜன்னலுக்கு வந்து சேரும் செய்திகளை - மௌஸ் கிளிக், கீ அழுத்தல் போன்றவற்றை - ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 5 விநாடிக்கு அது எதையும் எடுத்துப் பார்க்காவிட்டால், ஆபரேட்டிங் சிஸ்டம் அதை ஸ்தம்பித்ததாகக் கொள்கிறது. பிறகு செய்வது விசித்திரமானது. அசல் ஜன்னலை மறைத்துவிட்டு, அதே இடத்தில், அதே அளவில், அதன் கடைசித் தோற்றத்தோடு ஒரு நகலை நிறுத்துகிறது. தலைப்பில் 'பதில் இல்லை' என்ற அர்த்தத்தில் இரண்டு ஆங்கிலச் சொற்களைச் சேர்க்கிறது. நாம் அந்த நகலை நகர்த்தலாம், சுருக்கலாம், மூடலாம். அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. மைக்ரோசாஃப்ட் தன் ஆவணங்களில் இதை ஆவி என்ற பெயரிலேயே குறிப்பிடுகிறது. வெளுத்துப்போன திரையைப் பார்த்து நாம் கோபித்துக்கொள்ளும்போது, அந்தக் கோபத்தை வாங்கிக்கொள்வது புரோகிராம் அல்ல, அதன் ஆவி.

அறிவிப்பின் சொற்களைக் கவனிக்க வேண்டும். பதில் இல்லை என்று மட்டும்தான் அது சொல்கிறது. இறந்துவிட்டது என்று சொல்லவில்லை. உள்ளே நீண்ட கணக்கு ஒன்று நடந்துகொண்டிருக்கலாம். டிஸ்கில் பழுதான ஓரிடத்தை மறுபடி மறுபடி படிக்க முயன்றுகொண்டிருக்கலாம். வேறொரு புரோகிராம் விடுவிக்க வேண்டிய எதற்காகவோ காத்திருக்கலாம். அல்லது முடிவே இல்லாத ஒரு சுழலில் அகப்பட்டிருக்கலாம். இவை நான்கும் வெளியே ஒரே முகத்தைத்தான் காட்டுகின்றன.

எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும், அது எப்போதாவது முடியுமா முடியாதா என்று பார்த்துச் சொல்லிவிடக்கூடிய ஒரு பொதுமுறை இருக்க முடியாது. இந்த முடிவு ஆலன் ட்யூரிங் 1936இல் எழுதிய கட்டுரையிலிருந்து வருகிறது. கம்ப்யூட்டர் என்று இன்று நாம் அழைக்கும் யந்திரம் செய்யப்படுவதற்கு முன்பே அதன் எல்லை எழுதப்பட்டுவிட்டது. மேஜைமேல் இருக்கும் மிஷினின் ஞாபகம் அளவுக்குட்பட்டது, எனவே கறாரான கணித அர்த்தத்தில் அந்தத் தடை அதற்கு அப்படியே பொருந்தாது என்று ஒருவர் வாதிக்கலாம். வாதம் சரிதான். ஆனால் அதன் சாத்தியமான நிலைகளை எண்ணி முடிக்க ஒருவனின் ஆயுளும் போதாது, உலகத்தின் ஆயுளும் போதாது.

ஆகவே காத்திருப்பதா, முடித்துவிடுவதா என்ற கேள்வி, அறிவு பாதியில் கைவிட்டுவிடும் கேள்வி. பாதி வரை அறிவு கூட வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். காப்ஸ் லாக்கை அழுத்தினால் அதன் விளக்கு எரிந்து அணைகிறதா, மௌஸின் அம்பு நகர்கிறதா, டிஸ்க் விளக்கு சிமிட்டுகிறதா, டாஸ்க் மானேஜர் திறந்தால் எந்தப் புரோகிராம் எவ்வளவை விழுங்கிக்கொண்டிருக்கிறது என்றெல்லாம் பார்க்கலாம். இது நாடி பிடித்துப் பார்ப்பது. விளக்கு எரிந்தால், முழு உடம்பும் போகவில்லை, ஒரு அங்கம்தான் மரத்திருக்கிறது என்று தெரிகிறது. இதற்குப் பிறகும் அந்த அங்கம் மீளுமா என்பது தெரியப்போவதில்லை. இன்னும் 10 நிமிஷம் பொறுப்பவன் நேரத்தைப் பணயம் வைக்கிறான். முடித்துவிடுபவன் சேமிக்கப்படாததைப் பணயம் வைக்கிறான். அந்த நேரம் யாருடையது, சேமிக்கப்படாத அந்தப் பக்கம் யாருடையது என்பதைப் பொறுத்தே தீர்மானம் அமைகிறது. தொழில்நுட்பக் கேள்வியாகத் தோன்றியது இங்கே தர்மம் சம்பந்தப்பட்ட கேள்வியாகிவிடுகிறது.

3

ரீஸ்டார்ட் ஏன் பலிக்கிறது? கம்ப்யூட்டருக்கு இரண்டு வகை ஞாபகம் உண்டு. டிஸ்கில் எழுதப்பட்டது ஒன்று. மின்சாரம் உள்ள வரை மட்டும் நிற்கும் ராம் மற்றொன்று. புரோகிராம்கள் நாள் முழுக்க ராமில் இடம் கேட்டு வாங்குகின்றன. சில, வாங்கியதைத் திருப்பித் தருவதில்லை. ராம் நிரம்பியதும் ஆபரேட்டிங் சிஸ்டம் உடனடித் தேவையில்லாத பக்கங்களை டிஸ்குக்கு அனுப்பி, வேண்டும்போது திருப்பி எடுக்கிறது. ஒரு கட்டத்துக்கு மேல் அனுப்புவதும் எடுப்பதுமே முழுநேர வேலையாகி, அசல் வேலை நின்றுவிடும். பீட்டர் டென்னிங் 1968இல் இந்த நிலையை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ரீஸ்டார்ட் இந்தக் கடன்களையும் பூட்டுகளையும் காத்திருத்தல்களையும் ஒரே வீச்சில் மறக்கச் செய்கிறது. இதுதான் அதன் குணப்படுத்தும் சக்தி. மறதியைத் தவிர அதனிடம் வேறு மருந்து இல்லை.

இங்கே ஒரு நுட்பமான விஷயம். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், வேகமாகத் துவங்குவதற்கான ஒரு ஏற்பாடு சேர்க்கப்பட்டிருக்கிறது. அது இயங்கும் மிஷினில் 'ஷட் டவுன்' கொடுத்தால், ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கருப்பகுதி தன் நிலையை டிஸ்கில் எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் அங்கிருந்தே எழுந்திருக்கிறது. 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் உண்மையாகவே புதிதாகத் துவங்குகிறது. தினமும் ராத்திரி ஒழுங்காக மூடுகிறேன், ஆனாலும் கோளாறு போகவில்லை என்பவர்களின் வியப்புக்கு இது ஒரு காரணம். நம் சாஸ்திரங்கள் வாசனை என்று சொல்லும் விஷயம்தான்: உடல் விழுந்தது, வாசனை விழவில்லை, அடுத்த பிறவியில் அதே சுபாவம். பிறவியை அறுப்பது ஷட் டவுன் அல்ல, ரீஸ்டார்ட்.

ஆனால் மறதிக்கு விலை உண்டு. எந்தப் பூட்டு எதற்காகக் காத்திருந்தது, யார் எவ்வளவு கடன் வாங்கியிருந்தார்கள் என்ற சாட்சியமும் அதே ராமில்தான் இருந்தது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டால், மறுபடி எழும் மிஷின் தன் பதிவேட்டில் எழுதிக்கொள்வது, முந்தைய நிறுத்தம் எதிர்பாராதது என்ற அளவுக்குத்தான். குற்றத்தைத் துப்பறிய வந்தவரே இடத்தைக் கழுவிவிட்டுப் போனது போல.

சாட்சியம் முழுவதும் அழிந்துவிடுவதில்லை என்பதும் உண்மை. ஈவென்ட் வியூவர் என்ற பதிவேடு எந்த விண்டோஸ் மிஷினிலும் ஓசையின்றி எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. ரிலையபிலிட்டி மானிட்டர் என்று இன்னொன்று, நாள்வாரியாக, எந்தத் தேதியில் எது விழுந்தது, அதற்கு முன் என்ன புதிதாகச் சேர்க்கப்பட்டது என்பதை வரைபடமாகக் காட்டி, மிஷினின் ஸ்திரத்தன்மைக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண்ணும் போடுகிறது. நம் வீட்டு மிஷின் டைரி எழுதுகிறது. வீட்டில் அதைப் படிக்கிறவர்கள் இல்லை.

4

கோளாறு மிஷினுக்குத் தற்செயலாக நேர்வது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி நேராதவையும் உண்டு. டச்சுக்காரரான டைக்ஸ்ட்ரா 1965 வாக்கில் மாணவர்களுக்கு ஒரு பரீட்சைக் கணக்கு கொடுத்தார். பின்னால் அது சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்த 5 தத்துவஞானிகளின் கதையாகப் புகழ் பெற்றது. மேஜையில் 5 முள்கரண்டிகள்தான். சாப்பிட ஒவ்வொருவருக்கும் இடப்புறமும் வலப்புறமும் உள்ள இரண்டும் வேண்டும். ஐவரும் ஒரே சமயத்தில் இடப்புறக் கரண்டியை எடுத்துக்கொண்டு வலப்புறத்தவர் கீழே வைக்கட்டும் என்று காத்திருந்தால், காத்துக்கொண்டே பட்டினியால் செத்துப்போவார்கள். யாரும் தவறு செய்யவில்லை. ஒவ்வொருவரும் விதிப்படிதான் நடந்தார்கள். ஸ்தம்பனத்தின் ஒரு வகை இது.

இதைத் தடுக்க வழிகள் உண்டு. அவை பாடப்புத்தகங்களில் இருக்கின்றன. ஆனால் தடுப்பதற்கு ஒவ்வொரு கணமும் கொஞ்சம் வேகத்தை விலையாகத் தர வேண்டும். அபூர்வமாக நேரும் ஒன்றுக்காக எப்போதும் விலை கொடுப்பானேன் என்று யூனிக்ஸ், விண்டோஸ் போன்ற பொது உபயோக ஆபரேட்டிங் சிஸ்டங்கள் பெரும்பாலும் அந்தப் பிரச்னையைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகின்றன. ஆண்ட்ரூ டானன்பாமின் பாடப்புத்தகத்தில் இந்த உபாயத்துக்கு நெருப்புக்கோழியின் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது: தலையை மணலில் புதைத்துக்கொள்வது. புத்தகம் கிண்டல் தொனியில் சொல்கிறது, ஆனால் உபாயம் நிஜமானது. செலவைக் கணக்கிட்டால் நியாயமானதும்கூட.

இதன் அர்த்தம், நம் ரீஸ்டார்ட் அந்த அமைப்பின் வரவு செலவில் முன்கூட்டியே சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதே. எங்கோ ஒருவர் நம் 5 நிமிஷங்களையும், சேமிக்கப்படாத ஒரு பக்கத்தையும், சிறு நஷ்டம் என்று நமக்குத் தெரியாமலே எழுதித் தள்ளிவிட்டார். கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் ஆகிய மூன்று கீகளின் சேர்க்கையை, 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். பர்சனல் கம்ப்யூட்டருக்காக டேவிட் பிராட்லி அமைத்தபோது, அதைச் செய்துகொண்டிருந்த பொறியாளர்களின் உபயோகத்துக்கு என்றுதான் அமைத்தார். வாங்குகிறவருக்கு என்று அல்ல. தொழிற்கூடத்துக் கருவி வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. கூடவே, நின்றுபோவது சகஜம், மறுபடி துவக்குவது உபயோகிப்பவன் கடமை என்ற மனோபாவமும் வந்து சேர்ந்தது.

5

காரணம் தேடத்தான் வேண்டும் என்று கொண்டால், தேடுவது எப்படி? இங்கே நம் வீடுகளில் சடங்குகள் பெருகியிருக்கின்றன. நம் ஊரில் கம்ப்யூட்டர் முன் உட்காரும் பலர் வேலையைத் துவங்கும் முன் டெஸ்க்டாப்பில் மௌஸின் வலப்பொத்தானை அழுத்தி 'ரெஃப்ரெஷ்' கொடுக்கிறார்கள். ஒன்றல்ல, நாலைந்து தடவை. அது திரையிலுள்ள சின்னங்களைத் திரும்ப வரைவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. ராம் காலியாவதில்லை, வேகம் கூடுவதில்லை. ஆனால் கொடுத்த பின் மிஷின் சில தடவை சுறுசுறுப்பாக இருந்திருக்கிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. தர்க்க சாஸ்திரம் காகதாலீயம் என்று இதற்குப் பெயர் கொடுத்து எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகின்றன. காக்கை இன்னும் உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறது.

சடங்குக்கும் முறைக்கும் உள்ள வித்தியாசம் எளிது. சடங்கு ஒரே சமயத்தில் பலதைச் செய்கிறது. எது பலித்தது என்பது அதற்கு வேண்டியதில்லை. முறை ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதைக் குறித்துக்கொண்டு காத்திருக்கிறது. மிஷினை 'சேஃப் மோட்' என்ற நிலையில் எழுப்பினால், இல்லாமல் தீராது என்ற அளவுக்கான டிரைவர்களோடும் சேவைகளோடும் மட்டுமே எழும். அங்கேயும் ஸ்தம்பித்தால் சந்தேகம் மிஷினின் உடம்பின் மீதோ ஆபரேட்டிங் சிஸ்டத்தின் அஸ்திவாரத்தின் மீதோ போகிறது. ஸ்தம்பிக்காவிட்டால், பின்னால் நாம் சேர்த்தவற்றில் ஏதோ ஒன்று. அதன்பின், மைக்ரோசாஃப்டினது அல்லாத சேவைகள் அனைத்தையும் நிறுத்தி, பாதியை மட்டும் இயக்கிப் பார்ப்பது. கோளாறு வந்தால் அந்தப் பாதியில், வராவிட்டால் மறு பாதியில். பிறகு அதில் பாதி. 64 இருந்தால் 6 தடவையில் ஒன்றுக்கு வந்துவிடலாம். சந்தேகிக்கக்கூடியது அனைத்தையும் விலக்கிவிட்டு, மிஞ்சியதிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டுவது என்ற டேகார்ட்டின் திட்டம் தத்துவத்தில் எவ்வளவு தூரம் வெற்றி பெற்றது என்பது விவாதத்துக்குரியது. வீட்டுக் கம்ப்யூட்டரில் அது வேலை செய்கிறது.

தேடிப் போனால் கிடைக்கும் காரணங்கள் பெரும்பாலும் சாமானியமானவை. காற்றாடியில் தூசி அடைத்து, சூடு தாங்காமல் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. மெத்தைமேல் வைத்த லாப்டாப்பின் துவாரங்கள் மூடிப்போகின்றன. டிஸ்க் நிரம்பி, ராமிலிருந்து வரும் பக்கங்களை வைக்க இடமில்லை. இரண்டு ஆன்டி-வைரஸ்கள் ஒரே ஃபைலுக்காகச் சண்டையிடுகின்றன. அல்லது டிஸ்க் சாகத் துவங்கியிருக்கிறது. கடைசியில் சொன்னதுதான் முக்கியம். மற்றவை இடையூறுகள், இது முன்னறிவிப்பு. சாகும் டிஸ்க் உள்ள மிஷினையும் ரீஸ்டார்ட் பல நாள் எழுப்பிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவை 'சரியாகிவிட்டது' என்னும்போதும் ஒரு எச்சரிக்கை செலவழிந்துபோகிறது.

6

இதற்கு எதிரே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. காரணம் எல்லாம் தேடிக்கொண்டிருந்தால் வாழ்வது எப்போது? ஒருவர் கவிதை எழுத உட்காருகிறார். மிஷின் நின்றுபோகிறது. அவர் ஈவென்ட் வியூவரில் மூழ்கி மூன்று மணி நேரம் கழித்துக் காரணத்தோடு வெளியே வரும்போது, கவிதை போய்விட்டிருக்கும். அறியாமையும் வாழ்க்கைக்கு ஒரு சௌகரியம். மேலும், எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிடும் என்பதுமில்லை. 2003 மே மாதம் பெல்ஜியத்தில் நடந்த தேர்தலில், ஸ்கார்பேக் என்ற இடத்தில், ஒரு வேட்பாளருக்கு உண்மையில் விழுந்ததை விட 4096 வோட்டு அதிகமாகக் கணக்கில் வந்தது. 4096 என்பது இரண்டைப் பன்னிரண்டு தடவை பெருக்கினால் வரும் எண். ஞாபகத்தில் ஒரே ஒரு பிட் தானாகப் புரண்டால் இப்படித்தான் வரும். விண்வெளியிலிருந்து வந்த ஒரு துகள் புரட்டியிருக்கலாம் என்று ஊகித்தார்கள். எவ்வளவோ சோதித்தும் அந்தப் பிழையை மறுபடி வரவழைக்க முடியவில்லை. காரணம் ஒரு தடவை வந்து, தன் வேலையை முடித்து, போய்விட்டது.

ஆக, அறிந்தே தீர வேண்டும் என்பது கடமையாக முடியாது. பின் எதுதான் கடமை?

நான் வேலை பார்க்கும் தொழிலில் இதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. பாங்கில் நாள் முடிவில் கணக்கு டாலி ஆக வேண்டும். ஆகாவிட்டால் வித்தியாசத்தைத் தேட வேண்டும். வித்தியாசம் 9ஆல் வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டிருக்கலாம் என்பது லெட்ஜர் காலத்து மூத்தவர்கள் சொல்லிக் கொடுக்கும் சூட்சுமம். 54ஐ 45 என்று எழுதினால் 9, 540ஐ 450 என்று எழுதினால் 90. கணக்கு தானாக டாலி ஆகிவிட்டாலும் நல்ல ஆபீசர் உடனே நிம்மதி அடைவதில்லை. ஒரு பிழையை இன்னொரு பிழை ஈடுகட்டியிருக்கலாம். சரி, தேடியும் கிடைக்காத ஒரு தொகை இருக்கிறது. எங்கிருந்து வந்தது, யாருக்குப் போக வேண்டும் என்று தெரியவில்லை. அதை லாபத்தில் சேர்க்கக் கூடாது. அழிக்கவும் கூடாது. அதற்கென்று சஸ்பென்ஸ் கணக்கு இருக்கிறது. தேதியும் தொகையும் போட்டு, விவரம் தெரியாதது என்று அங்கே நிறுத்தி வைக்க வேண்டும். பாங்கு மறுநாள் வழக்கம்போலத் திறக்கும், வேலை நடக்கும், ஆனால் அந்த வரி அங்கேயே இருந்துகொண்டு, தன்னைத் தீர்க்கும்படி கேட்டுக்கொண்டே இருக்கும். ஆடிட்டர் வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

தெரியாததைத் தெரியாததாகவே கணக்கில் வைத்திருப்பது என்ற இந்த நாகரிகம் எனக்கு மிகப் பெரிதாகப் படுகிறது. அறிவுக்கும் அறியாமைக்கும் நடுவில் மூன்றாவது ஒரு நிலையை அது சாத்தியமாக்குகிறது. ரீஸ்டார்ட் செய்யலாம், செய்துவிட்டு ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். எந்தத் தேதி, என்ன ஓடிக்கொண்டிருந்தது, திரையில் என்ன வந்தது, என்ன செய்தோம். மூன்றாவது தடவை அதே வரி வரும்போது காரணம் தானே பேசத் துவங்கும்.

இந்த வரி எழுதப்படுவதற்கும் எழுதப்படாததற்கும் இடையில் எவ்வளவு நேரக்கூடும் என்பதற்கு, வீட்டுக்கு வெளியிலிருந்து இரண்டு உதாரணங்கள். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தரும் தெராக்-25 என்ற மிஷின், 1985க்கும் 1987க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைத் தந்துவிட்டது. கோளாறு நேரும்போது அது காட்டியது ஒரு எண்ணை. எண்ணின் விளக்கம் கையேட்டில் இல்லை. அப்படிப்பட்ட எண்கள் அடிக்கடி வந்துகொண்டிருந்தன. 'பி' என்ற கீயை அழுத்தினால் மிஷின் தொடர்ந்து வேலை செய்தது. அழுத்தப் பழகிவிட்டார்கள். 1986 மார்ச்சில் டெக்ஸாஸ் மாநிலத்தில் 54 என்ற எண் வந்தபோதும் ஆபரேட்டர் அதையே அழுத்தினார். பிறகு வந்து பார்த்த உற்பத்தியாளரின் பொறியாளர்களால் கோளாறை மறுபடி வரவழைக்க முடியவில்லை. மிஷின் உபயோகத்துக்குத் திரும்பியது. ஏப்ரலில் அதே இடத்தில் இன்னொரு நோயாளி. இருவரும் அந்த ஆண்டே இறந்தார்கள். காரணத்தைப் பிடித்தது அந்த மருத்துவமனையின் பௌதிகவியலாளரும் அதே ஆபரேட்டரும். என்ன செய்தோம், எந்த வேகத்தில் செய்தோம் என்று அவர் ஞாபகத்திலிருந்து படிப்படியாக மீட்டு, தகவலை மிக விரைவாகத் திருத்தினால் மட்டும் அந்த எண் வருகிறது என்று கண்டார்கள். ஆபரேட்டரைக் குற்றம் சொல்ல முடியாது. 'தொடர்' என்ற பழக்கத்தை அவருக்குக் கற்பித்தது மிஷின்தான்.

மற்றொன்று, 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர். இறங்கிய சில நாளில் அதன் கம்ப்யூட்டர் தானே ரீஸ்டார்ட் ஆகத் துவங்கியது. ஒவ்வொரு தடவையும் எழுந்து வேலையைத் தொடர்ந்தது. அதோடு விட்டிருக்கலாம். கலிஃபோர்னியாவில் இருந்த பொறியாளர்கள் விடவில்லை. நடந்தவற்றைப் பதிவு செய்யும் வசதியை அவர்கள் புரோகிராமிலிருந்து எடுத்துவிடாமலே அனுப்பியிருந்தார்கள். பூமியில் இருந்த அதன் ஜோடி மிஷினில் அதே நிலைமையை ஓடவிட்டு, கோளாறு மறுபடி வரும்வரை காத்திருந்தார்கள். அவசரம் குறைந்த வேலை ஒன்று பூட்டிய பூட்டுக்காக, அவசரமான வேலை காத்துக் கிடக்க, இடைப்பட்ட வேறொரு வேலை குறுக்கே புகுந்து இரண்டையும் நிறுத்திவைத்தது என்று தெரிந்தது. மாற்ற வேண்டியிருந்தது ஒரு சிறு அமைப்பைத்தான். அதை இங்கிருந்தே அனுப்பினார்கள்.

இரண்டு இடத்திலும் மிஷின் 'தொடர்ந்தது'. ஒரு இடத்தில் அந்தத் தொடர்ச்சியே பதிலாக எடுத்துக்கொள்ளப்பட்டது. மற்ற இடத்தில் அது கேள்வியாக நிறுத்தி வைக்கப்பட்டது.

7

வீட்டுக் கம்ப்யூட்டர் யாரையும் கொல்வதில்லை. ஒரு ஒற்றைக் கவிஞனின் மேஜையில் ரீஸ்டார்ட் செய்வதற்கு இவ்வளவு தர்மவிசாரம் எதற்கு என்று கேட்கலாம். தன் மிஷின், தன் பக்கம், தன் நஷ்டம் என்றால் கேட்பவர் பக்கமே நானும். ஒருவன் தன்னைப் பற்றி அறியாமலிருக்கத் தீர்மானிக்கும் உரிமை அவனுக்கு உண்டு.

ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டர் அபூர்வமாகவே ஒருவருடையது. ஒரே டிஸ்கில் பையனின் பாடங்கள், பெண்ணின் ஆராய்ச்சிக் கட்டுரை, அப்பாவின் பென்ஷன் பேப்பர்கள், இறந்துபோனவர்களின் போட்டோக்கள். எந்த வீட்டிலும் 'கம்ப்யூட்டர் தெரிந்தவர்' என்று ஒருவர் இருக்கிறார். மற்றவர்கள் அறையை எட்டிப் பார்த்து, 'என்ன ஆச்சு?' என்று கேட்கிறார்கள். அவர் சொல்லும் பதிலை நம்பித் தங்கள் காரியத்தைத் தொடர்கிறார்கள். 'சரி பண்ணிட்டேன்' என்று அவர் சொன்னால், காப்பி எடுத்து வைக்க யாருக்கும் தோன்றாது. 'இப்ப ஓடுது, ஏன் நின்னுச்சுன்னு தெரியல' என்று சொன்னால், அம்மா உடனே, 'அப்ப அந்த போட்டோவெல்லாம் எதுலயாவது ஏத்தி வையேன்' என்பாள். இரண்டு வாக்கியத்துக்கும் பின்னால் மிஷின் ஒரே மாதிரிதான் ஓடுகிறது. ஒன்று சொல்லப்பட்ட வீட்டில் டிஸ்க் செத்தால் எல்லாம் போகும். மற்ற வீட்டில் டிஸ்க் மட்டும் போகும்.

முதல் வாக்கியம் பொய் என்று சொல்லிவிட முடியாது. சொல்பவர் நம்பித்தான் சொல்கிறார். தேடிக் கிடைக்காத தொகையை அவர் லாபத்தில் எழுதுகிறார். தெரியாததன் மேல் தன் பெயரைப் போட்டு அதைத் தெரிந்ததாக்கிவிடுகிறார். நிபுணன் என்ற பெயர் நமக்குள் எவ்வளவு மலிவாக உருவாகிறது என்பதற்கும் இதுவே சாட்சி. காரணத்தைக் கண்டவனுக்கு அந்தப் பெயர் கிடைப்பதில்லை. மிஷின் எழுந்த கணத்தில் பக்கத்தில் நின்றவனுக்குக் கிடைத்துவிடுகிறது.

நம் வட்டத்துக்கு இது தூரத்து விஷயம் அல்ல. நம்மில் பலருக்குக் கையெழுத்துப் பிரதி என்று ஒன்று இப்போது இல்லை. பத்து வருஷத்துக் கவிதைகள், பாதியில் நிற்கும் நாவல், அச்சுக்குப் போக வேண்டிய இதழ் - ஒரே டிஸ்கில், ஒரே இடத்தில். போன வாரம் இரண்டு தடவை நின்றது, ஆஃப் பண்ணி ஆன் பண்ணினதும் சரியாகிவிட்டது என்று நண்பர் ஒருவர் சொன்னால், அவர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொள்வது அவருக்கு நாம் செய்யும் உதவி. முதலில் இன்னொரு டிஸ்கில் ஒரு பிரதி. பிறகு காரணத்தைத் தேடலாம், அல்லது நேரமில்லை என்று விட்டும் விடலாம். விட்டால், தேதி போட்டு ஒரு வரி.

ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவதில் தவறொன்றும் இல்லை. அதற்குப் பின்னால் சொல்லும் வாக்கியத்தில், தெரியாதது தெரியாததாகவே இருக்கிறதா என்பதைப் பார்த்துக்கொண்டால் போதும்.